வினவுவோனுக்குச் செய்யும் கடமை

பிறரிடம் கூற நாணும் நோயையும், வீட்டார்க்கு மறைத்த கடனையும் மனிதன் இன்று இணையத்தின் தேடுபொறியிடம் கேட்கிறான். அந்நம்பிக்கையைப் பெற்றோர்க்குரிய ஒழுக்கம் யாது? இதனை நாம் ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, விடையை மறைத்தல் பற்றியது. 2006 ஜனவரியில் கூகிள் கம்பெனி சீன தேசத்திற்கெனத் தனித் தேடுபொறி ஒன்றைத் திறந்தது. அவ்வரசு விலக்கியவற்றை அது காட்டவில்லை. சில முடிவுகள் நீக்கப்பட்டன என்று மட்டும் அறிவித்தது. ஏதுமில்லாமையினும் சிறிதறிவு நன்று என்பது அவர்தம் வாதம். மறைத்தோம் என்று கூறுவோன், மறைத்தும் முழுமையெனக் காட்டுவோனிலும் மேலானவனே. ஆயினும், மறைக்கப்பட்டது எதுவென்று அறியாதவன் எதனைத் தேடுவான்? 2010 மார்ச்சில் அக்கம்பெனி அத்தணிக்கையைக் கைவிட்டு, சீனத்தில் தேடுவோரைத் தன் ஹாங்காங் தளத்திற்கு அனுப்பலாயிற்று.

இரண்டாவது, வினாவைச் சேமித்தல் பற்றியது. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். கம்பெனி, ஆராய்ச்சிக்கென்று ஏறக்குறைய 6,50,000 பேர் தேடிய சொற்களை வெளியிட்டது. பெயர்களுக்குப் பதில் எண்களே இருந்தன. எனினும் ஒரு பெண்மணியை, அவர் கேட்ட கேள்விகளைக் கொண்டே பத்திரிகையாளர் சில நாட்களில் கண்டறிந்தனர். பெயரை அழிப்பினும் கேள்வியே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, போட்டியை அடைத்தல் பற்றியது. கூகிள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்து வந்தது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. கைப்பேசி முதலியவற்றில் தன் தேடுபொறியே முதலில் அமைய, அது 2021-இல் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததும் அவ்வழக்கில் வெளியாயிற்று. "வேறொன்றை நாடத் தடையில்லையே" என்பர் சிலர். மெய், 2008-இல் தோன்றிய டக்டக்கோ, தேடுவோரின் வரலாற்றைச் சேமிப்பதில்லை என்று உறுதி கூறுகிறது. ஆயினும் வழிகளெல்லாம் விலைக்கு வாங்கப்பட்டபின், வேறு கதவு உண்டென்பதையே அறியாதவன் எங்ஙனம் தேர்வான்?

போட்டி மட்டும் அறத்தைத் தந்துவிடுமோ? தராது. சீனத்திலும் தேடுபொறிகள் பல உண்டு. அவை யாவும் ஒரே தணிக்கைக்கு உட்பட்டவை. எனவே மூன்று கடமைகளும் சேர்ந்தே நிற்றல் வேண்டும்: விடையில் மறைத்ததை மறையாது கூறுதல், வினாவைத் தேவைக்கு மேல் வைத்திராமை, விலகுவோனுக்கு வழிவிடுதல்.

நமக்கும் கடமை உண்டு. கருவியில் பிறர் அமைத்துத் தந்ததே முடிவென்று கொள்ளாது, அதனைத் திறந்து பார்த்து வேண்டியவாறு மாற்றுவோம். ஒருவர் தரும் விடையை மற்றொருவர் விடையோடு ஒப்பிட்டு நோக்குவோம். கேட்கும் உரிமை நம்முடையது. அதனைக் காக்கும் விழிப்பும் நம்முடையதாகுக.