முந்தி எடுத்தவனின் இலாபம்

உழைத்துச் சேர்த்த நாலு காசை எங்கே போடுவது என்ற கேள்வி நம் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழுகின்றது. வங்கி வட்டி போதாது என்கிறார்கள். கைத்தொலைபேசியிலேயே பங்கு வாங்கலாம், கிரிப்டோ நாணயம் வாங்கலாம், வெளிநாட்டுக் கம்பனியொன்றிற் சேரலாம் என்று நாளுக்கொரு வழி சொல்லப்படுகின்றது. இவற்றில் எது நல்லது, எது ஏமாற்று என்று விசாரிப்பவர் பலர். ஆனால் இதற்குள்ளே ஒளிந்திருக்கும் வேறொரு கேள்வியைக் கேட்பவரைக் காண்பது அரிது. அன்பார்ந்த வாசகரே, அதையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம். ஏமாற்றுத் திட்டமொன்றில் நீங்கள் அறியாமற் காசு போடுகிறீர்கள். அது உடைவதற்கு முன்னரே முதலையும் இலாபத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறீர்கள். உங்கள் கையிலிருக்கும் அந்த இலாபம் யாருடையது?

“நான் எவரையும் ஏமாற்றவில்லை, தருவதாகச் சொன்னார்கள், தந்தார்கள், வாங்கினேன்” என்று பதில் வரும். இந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் காசு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் வேறாகிவிடுகின்றது.

1919 டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய சார்ல்ஸ் பொன்சி என்பவர் 150 டொலர் முதலுடன் ஒரு தொழிலைத் தொடங்கினார். ஒரு நாட்டில் வாங்கும் சர்வதேசத் தபால் கூப்பன்களை இன்னொரு நாட்டில் மாற்றினாற் பெரும் இலாபம் வருகின்றது. ஆகவே 100 டொலர் கடன் தருபவருக்கு 90 நாளில் 150 டொலர் தருவேன் என்றார். சொன்ன தவணைக்கு முன்பே, 45 நாளிலேயே கொடுத்தும் காட்டினார். எட்டு மாதத்தில் அவரிடம் வந்து சேர்ந்தது 95 இலட்சத்து 82 ஆயிரம் டொலர். அதற்காக அவர் எழுதிக் கொடுத்த கடன் பத்திரங்களின் பெறுமதியோ 1 கோடியே 43 இலட்சத்து 74 ஆயிரம் டொலர். கூப்பன் வியாபாரம் என்பது வெறும் கதை. பின்னால் வந்தவனின் காசை எடுத்து முன்னால் வந்தவனுக்குக் கொடுத்தார், அவ்வளவே. 1920 ஆகஸ்டில் எல்லாம் உடைந்தது.

இந்த வித்தையின் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். ஓர் இலட்சம் ரூபா போடுகிறீர்கள். மாதம் ஐந்து வீதம், அதாவது 5,000 ரூபா, “வட்டி” என்று வருகின்றது. பின்னால் தொழில் ஒன்றும் இல்லையென்றால், முதல் இருபது மாதமும் உங்களுக்கு வருவது உங்கள் முதலின் அளவே. உங்கள் காசையே துண்டு துண்டாக உங்களிடம் தந்து, அதற்கு நன்றியும் வாங்கிக்கொள்கிறார்கள். இருபத்தோராம் மாதத்திலிருந்து வரும் ஒவ்வொரு சதமும் இன்னொருவருடைய முதல். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. மகளின் கலியாணத்துக்கென்று காணியை விற்ற ஒரு தகப்பனாகவும் அவர் இருக்கலாம்.

பொன்சியின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்று 1924 இல் தீர்ந்தது. முன்னாள் சனாதிபதியும் அப்போதைய பிரதம நீதியரசருமான வில்லியம் டாஃப்ட் தீர்ப்பை எழுதினார். பத்திரிகையிற் செய்தி வந்ததும் ஓடிச்சென்று தம் காசை மீட்டுக்கொண்ட சிலரை, அதைத் திருப்பிக் கொடுக்கும்படி அந்தத் தீர்ப்பு பணித்தது. அவர்கள் எடுத்தது வட்டியன்று, போட்ட முதல்மட்டுமே என்பதைக் கவனிக்கவும்! எல்லோரும் ஒரேயளவிற் குற்றமற்றவர்களாய் ஏமாற்றப்பட்டிருக்க, விரைந்து ஓடியவனுக்கு முழுதும் மற்றவனுக்கு வெறுங்கையும் என்பது நியாயமன்று என்பதே அதன் கருத்து. கொஞ்சம் கடுமையான தீர்ப்புத்தான். ஆனால் அதன் அடியில் இருக்கும் எண்ணம் அசைக்க முடியாதது.

2008 டிசம்பரில் நியூயோர்க்கிலே பேர்னார்ட் மடோஃப் பிடிபட்டபோது இதே கேள்வி மிகப் பெரிய அளவில் எழுந்தது. வாடிக்கையாளருக்கு அவர் அனுப்பிய கணக்குத் தாள்களில் ஏறக்குறைய 6,500 கோடி டொலர் இருந்தது. உண்மையில் அத்தனை காசு எங்குமே இருக்கவில்லை. நம்மவர் ஒன்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவர் காட்டியது மாதம் ஏறத்தாழ ஒரு வீதந்தான். பேராசைக்காரர்தான் ஏமாறுவார் என்று நினைத்திருந்தவர்களை அது வாயடைக்கச் செய்தது. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் வருடக்கணக்காக ஒரே சீராய் இலாபம் வந்ததே அங்கிருந்த சந்தேகத்துக்குரிய அடையாளம். மழையும் வெயிலும் மாறிமாறி வரும் உலகில் எந்தத் தொழில் அப்படி நடக்கும்? அவருக்கு 150 வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2021 இல் சிறையிலேயே இறந்தார்.

பின்னர் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர், போட்டதிலும் கூடுதலாக எடுத்தவர்களிடம் அந்த மிகுதியைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். ஜெஃப்ரி பிக்கவர் என்ற செல்வர் அப்படி எடுத்தவர்களிற் பெரியவர். அவர் 2009 இல் இறந்தார்; 2010 இல் அவருடைய மனைவி, கணவரின் சொத்திலிருந்து 720 கோடி டொலரைத் திருப்பிக் கொடுக்க உடன்பட்டார். தம் கணவர் மோசடிக்கு உடந்தையாயிருக்கவில்லை என்பதே அவருடைய நிலைப்பாடு. ஆனாலும் காசு திரும்பியது.

சட்டம் கேட்டால் கொடுக்கலாம், கேட்காவிட்டால்? இங்கேதான் மனச்சாட்சியின் வேலை தொடங்குகின்றது. திருப்பிக் கொடுத்தலைப் பற்றிப் புனித தோமஸ் அக்குவைனாஸ் எழுதும்போது, அந்தக் கடமை இரு வழிகளில் வரலாம் என்று பிரித்துக் காட்டுகிறார். எடுத்த செயல் அநியாயமானதால் ஒன்று. பிறனுடைய பொருள் நம்மிடம் இருப்பதால் மற்றொன்று. அறியாமற் பெற்றவர் முதலாவதிலிருந்து தப்பிவிடுகிறார். இரண்டாவது அவரை விடுவதில்லை. உண்மை தெரிந்த அன்றைக்கு, அந்தப் பொருளோ அதனால் வந்த செழிப்போ கையில் இருக்குமாயின், அது அவருடையதன்று. நல்ல மனத்தோடு பெற்றுச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் செலவழித்து, இன்று முன்னிருந்ததைவிடச் செல்வராய் இல்லாதவரை நம் அறநூலார் அதேபோல நெருக்குவதில்லை. சக்கேயுவைப் போல நான்கு மடங்கு கொடுக்கும்படியும் எவரும் கேட்கவில்லை. அவன் கொடுத்தது ஏமாற்றி வாங்கியதற்கு. ஆனால் அந்த இலாபத்திற் கட்டிய மேல்மாடி வீட்டின்மேல் நிற்கின்றதே, அதைப் பற்றி என்ன சொல்வது?

இலாபம் எடுத்தவர் வேறொரு வகையிலும் அந்தத் திட்டத்துக்கு உதவுகிறார். அவரே அதன் நடமாடும் விளம்பரம். திட்டத்தை நடத்துபவனை எவரும் நம்புவதில்லை. “எங்கள் ஆசிரியருக்கு வந்தது”, “பூசைக்கு வரும் அந்த அக்காவுக்கு வந்தது” என்பதைத்தான் நம்புகிறார்கள். மடோஃப் யூதர், அவரால் அழிந்தவற்றில் யூத தர்ம நிதியங்கள் பல. நோபல் பரிசு பெற்ற எலி வீசலின் அறக்கட்டளை தன்னுடைய சொத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அவரிடம் இழந்தது. பொன்சியிடம் காசு கொடுத்தவர்களில் இத்தாலியக் குடியேறிகள் பலர். ஒரே மொழி, ஒரே ஊர், ஒரே கோவில் என்ற உறவு எவ்வளவு இறுக்கமோ, களவு அவ்வளவு சுலபமாக உள்ளே வரும்.

ஆள் சேர்த்தால் கமிஷன் என்னும் பிரமிட் திட்டங்களில் இது இன்னும் வெளிப்படையானது. ஒருவர் ஐவரைச் சேர்க்கவேண்டும், அந்த ஐவரும் ஐவைந்து பேரை என்று கணக்கிடுங்கள். பதினோராம் படியில் 4 கோடியே 88 இலட்சம் பேர் தேவை. 2024 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் முழுச் சனத்தொகை ஏறக்குறைய 2 கோடியே 18 இலட்சந்தான். எந்தப் படியில் அது நின்றாலும், சேர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் கடைசிப் படியில், கீழே எவருமில்லாமல் நிற்பர். 2014 இல் பல்கேரியாவிலிருந்து தொடங்கிய ‘வன்கொயின்’ இப்படித்தான் கிரிப்டோ என்ற பெயரிற் பல நாடுகளிற் பரவி 400 கோடி டொலருக்கு மேல் விழுங்கியது. அதன் தலைவி ரூஜா இக்னாடோவா 2017 ஒக்டோபரில் மறைந்தவர், மறைந்தவரே. இலங்கையில் வங்கித்தொழிற் சட்டம் பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கின்றது. நடத்துவது மாத்திரமன்றி அதை விளம்பரம் செய்து பரப்புவதும் குற்றம். தங்கையையும் மைத்துனரையும் சேர்த்துவிட்டவர் இதை ஒரு தடவைக்கு இருதடவை வாசிக்கட்டும்.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர் என்று ஏசுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. அது பெரும்பாலும் அநீதி. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அந்த வருடத்திலேயே டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. முப்பது வருடம் வேலை செய்தவரின் சேமிப்பு கண்முன்னே கரைந்தது. அப்படிப்பட்டவருக்கு “டொலரில் இலாபம்” என்ற சொல் தேனாய் இனித்ததில் வியப்பென்ன? 2008 டிசம்பரில் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி விழுந்தபோது, அதிற் சிக்கியது ஏறக்குறைய 2,600 கோடி ரூபா. ஓய்வூதியப் பணத்தைப் போட்டிருந்தவர் எத்தனையோ பேர். பெயர்பெற்ற குழுமமொன்றைச் சேர்ந்தது என்ற நம்பிக்கை அவர்களுக்கு. பொதுமக்களிடம் வைப்புப் பெற அதற்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை.

புதியது எல்லாம் களவு என்று சொல்ல வரவில்லை. திறைசேரி உண்டியல், அலகு நம்பிக்கை நிதியம், பங்குச் சந்தை ஆகியவை முறையான வழிகள். பங்கின் விலை விழுந்து நட்டப்படுவது துன்பமே தவிர மோசடியன்று. நட்டம் வரலாம் என்று முன்னரே சொல்பவனை அந்த அளவுக்கேனும் நம்பலாம். வைப்புப் பெற அனுமதியுள்ள வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகின்றது. அத்தகைய நிறுவனத்தில் வைப்பிட்டவருக்குரிய காப்புறுதி, ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாவரை என 2021 இல் உயர்த்தப்பட்டது. பட்டியலுக்கு வெளியே போட்ட காசுக்கு அந்தக் காப்பு இல்லை. முகந்தெரியாத ஒருவர் வட்ஸ்அப்பிற் சிநேகமாகி, ஒரு செயலியில் உங்கள் காசு வளர்வதைக் காட்டினால், அது வெறும் எண். முதலிற் சிறு தொகையை எடுக்க விடுவதும் பொன்சியின் 45 நாள் வித்தையேதான்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். இலாபம் கையிலிருக்கிறது, உண்மையும் தெரிந்துவிட்டது. எங்கே கொடுப்பது? நீதிமன்றம் பொறுப்பாளரை நியமித்திருந்தால் அவரிடம். அப்படி ஒருவரும் இல்லையெனில், உங்கள் சொல்லைக் கேட்டுச் சேர்ந்தவர்களுக்கு முதலில், அவரவர் இழந்த அளவுக்கு ஏற்ப. கமிஷனாய் வாங்கியதை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அது உங்கள் உறவினரின் முதலிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. எல்லாம் ஒரேயடியாக முடியாதென்றால் தவணை வைத்துக் கொடுக்கலாம். அவர்களிற் பலர் வெட்கத்தினால் பொலிசில் முறைப்பாடு செய்யாமல் வீட்டுக்குள் இருக்கிறார்கள். இலாபம் எடுத்தவரிடம் ரசீது இருக்கும், வங்கிக் கணக்கு இலக்கம் இருக்கும், காசு வாங்கியவனின் முகமும் ஞாபகத்தில் இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு அவர்களோடு பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டியவர் அவரே.