புண்பட்ட சாரைக்கு ஓரிடம்

சிராவக சிராவகியரே! தவசி பிளந்த விறகினுள் துண்டுண்ட பாம்பிணையின் செவியில் நல்லறம் உரைத்தார் பார்சுவநாதர். அவையே தரணேந்திரனும் பத்மாவதியுமாயின. இதைப் பக்தியுடன் கேட்கும் நாம், வேலி வலையில் சிக்கிய சாரையைக் கண்டால் தடியையன்றோ தேடுகிறோம்!

தொடாது, வனத்துறைக்குச் சொல்லுவோம். வீட்டில் வைத்துப் பேணுவதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சிகிச்சைப் பெட்டியில் மண் இடார். புண்ணில் ஒட்டுமென்று செய்தித்தாள் விரிப்பர். பாம்பின் உடல் தனக்குரிய வெப்பத்தைத் தானே உண்டாக்காது. ஆதலின் ஒருபுறம் இளஞ்சூடு, மறுபுறம் குளிர்ச்சி. ஒளிய ஒரு கவிழ்த்த சட்டி, பருக நீர்.

எலியைக் கொடுப்பதோ என்பீர். நோயுற்ற பாம்பு பல நாள் உண்ணாதிருக்கும். நம் உபவாசிகளும் வியப்பர்! தேறியபின் எலியையே நாடும். அஃது அதன் பிறவி இயல்பு, நம் தடிக்கு நியாயமாகாது.

தேறியதைப் பிடித்த இடத்தருகே விடுவர். அதற்குள் அவ்வலையை நாம் சுருட்டிவிட வேண்டும்.