இரண்டு நெருப்புகளுக்கு நடுவே

மகாபலேஷ்வரின் மேற்கு விளிம்பு. மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறுகிறது. கன்னத்தில் ஈரம்.

எதிர்மலை தெரிகிறது. மறைகிறது. மறுபடி தெரியும்போது கோடுகள் மட்டும்.

கரிய அடுக்குகள், ஒன்றன்மேல் ஒன்றாக. பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் அறுந்த கோடு, அந்தப் பக்கம் அதே மட்டத்தில் தொடர்கிறது.

*

எரிமலைதான் இதுவும். கூம்பு இல்லை. உச்சியில் வாய் இல்லை.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் நீளவாக்கில் பிளக்கிறது. பிளவு வழியே குழம்பு பொங்கி வழிகிறது. ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. பள்ளங்களை நிரப்புகிறது. ஆறுகிறது. அதன்மேல் அடுத்தது.

தக்காணத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்கே அதன் கனம் 2 கிலோமீட்டருக்கும் மேல்.

எண் மனதில் நிற்பதில்லை. கோடு நிற்கிறது.

*

போலாத்பூருக்கு இறங்கும் அம்பேனளி மலைப்பாதை. சாலைக்காக வெட்டிய பாறையில், இரண்டு கருப்புக்கு நடுவே ஒரு செம்பட்டை. கைக்கெட்டும் உயரம்.

தொட்டால் உதிர்கிறது. விரல் ரேகைக்குள் சிவப்பு.

கீழே உள்ள பாறை முதலில் ஆறியிருக்கிறது. அதன்மேல் மழை பெய்திருக்கிறது. பாறை நைந்து மண்ணாகியிருக்கிறது. அந்த மண்ணின் மேல்தான் அடுத்த குழம்பு வந்து படுத்திருக்கிறது, அதைச் சுட்டபடி.

ஒன்றும் நடக்காத காலம். அதற்கும் கனம் உண்டு. இங்கே ஒரு முழம். சற்றுத் தள்ளி நாலு விரற்கடை.

மேலே காட்சிமுனைகள் பலவற்றுக்கு வெள்ளைக்காரத் துரைமார் பெயர்கள். இந்தப் பட்டைக்குப் பலகை இல்லை. வண்டிகள் வளைவில் ஒலியெழுப்பிக் கடந்து போகின்றன. யாராவது நிறுத்திப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று மனம் விரும்புகிறது. விருப்பமும் கடந்து போகிறது.

*

மும்பையின் வொர்லியிலும் இப்படி ஓர் இடைவெளி. அங்கே அது நீர்நிலை. படிவுக்குள் தவளைகளின் எலும்புகள். மிகச் சிறியவை.

முன்னே குழம்பு. பின்னே குழம்பு. நடுவில் தவளைகள் கத்துகின்றன.

*

உள்ளங்கையில் ஒரு கல். ஆப்பத்தின் நடுவில் இருப்பதுபோல் துளைகள்.

குழம்புக்குள் இருந்த வாயு, வெளியேறுவதற்குள் உறைந்துபோன இடங்கள் அவை. ஓரமாக உள்ள சில துளைகள் குழாய்போல் நீண்டு, ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. குழம்பு நகர்ந்த திசை அது.

ஒரு துளைக்குள் வெள்ளைப் படிகம். ஜியோலைட். பாறை ஆறி நெடுங்காலத்துக்குப் பின் நீர் கசிந்து உள்ளே போயிருக்கிறது. கரைத்து வந்ததை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

கல்லைத் திருப்பினால் மினுக்கம். இன்னும் கொஞ்சம் திருப்பினால் இல்லை.

*

ராஜமகேந்திரவரம். கோதாவரி கடலை நெருங்கும் இடம். அங்கும் இதே கரும்பாறை. அதன் வேதிக் கூறுகள் இந்த மலையின் மேல் அடுக்குகளோடு ஒத்துப்போகின்றன. ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே குழம்பு நடந்து போயிருக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

மேலே ஆறிய தோல். அதன் அடியில் ஆறாத ஓட்டம்.

*

கிருஷ்ணா இந்த மலையில் பிறக்கிறது. மேற்கே கடல், நேர்கோட்டில் 70 கிலோமீட்டருக்குள். ஆறு அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. கிழக்கே 1,400 கிலோமீட்டர் போகிறது. 1996 முதல் அதில் ஒரு பங்கு பூண்டி ஏரிக்கும் வருகிறது. சென்னையில் ஒரு தம்ளர் தண்ணீர்.

குழம்பு ஓயும் காலத்தில் இந்தியாவின் மேற்கு ஓரம் இழுபடுகிறது. மெலிகிறது. முறிகிறது. செஷல்ஸ் விலகிப் போகிறது. நடுவே புதிய கடல்தரை திறக்கிறது. முறிந்த ஓரம் உயர்ந்து நிற்க, நீர் கிழக்கே சரிகிறது.

பன்வேல் பக்கம் அடுக்குகள் கிடையாக இல்லை. கடலை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. பிரிவின் சாய்வு.

மழை ஓரத்தை அரிக்கிறது. அரித்துப்போன பாறையின் எடை குறைய, நிலம் மெல்ல மேலெழுகிறது. எழுந்ததை மழை அரிக்கிறது. மலையின் முகம் கிழக்கே பின்வாங்குகிறது. அது விட்டுப்போன இடத்தில் கொங்கணம். வயல்கள், தென்னை, ஓட்டு வீடுகள்.

*

துலே, நந்துர்பார். பிளவுகளுக்குள்ளேயே உறைந்த குழம்பு, சுவர்களாக நிற்கிறது. சில சுவர்கள் பல கிலோமீட்டர் நீளம். சுற்றி இருந்தது தேய்ந்துவிட்டது.

அன்று பிளவு. இன்று அதுவே முகடு.

*

இந்தக் குழம்பைப் பொங்கவைத்த, ஆழத்தில் இருந்த அனல் இந்தியாவோடு வரவில்லை என்று பெரும்பாலான புவியியலாளர்கள் கருதுகிறார்கள். நிலத்தட்டு வடக்கே நகர்கிறது. அனல் இருந்த இடத்தில் இருக்கிறது. அதன்மேல் கடந்துபோனவற்றில் அதன் தடம்: லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீஷியஸ்.

இப்போது ரீயூனியன். கரும்புத் தோட்டங்களுக்காகத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்ட தீவு. கோயில்கள் இருக்கின்றன. கிழக்கே பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை விழித்திருக்கிறது.

2007 ஏப்ரலில் அதன் குழம்பு கடற்கரைச் சாலையைக் கடந்து கடலில் இறங்குகிறது. உச்சியில் பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்வாங்குகிறது.

ஆறிய பாறைமேல் மறுபடி சாலை போடுகிறார்கள். அங்கே மழை அதிகம். முதலில் கற்பாசி பிடிக்கிறது, பிறகு பெரணி. வேர் இறங்கிய இடத்தில் கொஞ்சம் மண்.

அதன் பிறகும் அந்த எரிமலை பலமுறை குழம்பைக் கக்கியிருக்கிறது.