யாருடைய லைஃப்டைம்?

புதிய ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக்கே கிடையாது. உள்ளே ஆயில் எவ்வளவு இருக்கிறது, என்ன நிறத்தில் இருக்கிறது என்று காரை வைத்திருப்பவர் பார்க்க வழியில்லை. கேட்டால், “அது லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்” என்பார்கள். சரி, யாருடைய லைஃப்டைம்?

ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் தயாரிக்கும் கியர்பாக்ஸ்கள் பல சொகுசுக் கார்களில் இருக்கின்றன. 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில், ஆயிலை மாற்றிவிடுங்கள் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதே கியர்பாக்ஸை வாங்கிப் பொருத்தும் கார் கம்பெனிகளில் சில, தேவையில்லை என்று சொல்லிவந்திருக்கின்றன. இருவருமே பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டால், ஆயுள் என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள் என்றாகிறது. கார் கம்பெனியின் கணக்கில் அது வாரண்டி முடியும்வரை. மிஞ்சிப்போனால் முதல் ஓனர் காரைக் கைமாற்றும்வரை.

அதற்கப்புறமும் கார் ஓடும். நம் ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கார் என்பது இன்னொருவரின் பழைய கார்தான். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு வழுவழுப்பு தருவது மட்டும் வேலையில்லை. அதன் அழுத்தத்தில்தான் கியரே மாறுகிறது, சூட்டைக் கடத்துவதும் அதுதான். சூட்டில் அது மெல்லக் கெடும், கிளட்ச் தட்டுகளின் தூள் அதில் சேரும். சிக்னலில் வண்டி ஒரு உலுக்கு உலுக்கும்போது கையில் பில்லோடு நிற்பவர் பெரும்பாலும் இரண்டாவது ஓனர்.

“எப்படியும் அடுத்த வருஷம் குடுத்துடப் போறேன், இதுக்குப் போய் எதுக்குச் செலவு?” என்று நண்பர்கள் கேட்கும்போது சட்டென்று பதில் வருவதில்லை. வாங்க வருபவர் பெயின்ட்டைப் பார்ப்பார், டயரைப் பார்ப்பார். ஆயிலை அவரால் பார்க்க முடியாது, அதனால் அதற்குக் காசும் தரமாட்டார். 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் அலசியது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல வண்டிகள் சந்தையைவிட்டே விலகத் தொடங்கும். அகர்லாஃப் அதைச் சந்தையின் சிக்கலாகப் பார்த்தார். எனக்கு அது இப்படித்தான் தோன்றுகிறது: முகம் தெரியாத ஒருவருக்காக, அவருக்குத் தெரியவே வராத ஒன்றை, ஒரு ஞாயிற்றுக்கிழமை குனிந்து செய்வதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? அவருக்குத் தெரியாது என்பதே போதுமான காரணம் என்று நினைக்கிறேன். தெரிந்தால் அவர் பேரம் பேசித் தன்னைக் காத்துக்கொள்வார்.

கம்பெனிகள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. எஞ்சின் ஆயிலை வீட்டிலேயே மாற்றிவிடலாம்: டிரெயின் போல்ட், ஃபில்டர், புது வாஷர், வண்டியைத் தாங்க உறுதியான ஸ்டாண்டுகள் (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது). கியர்பாக்ஸ் அப்படியல்ல. பல கார்களில் எஞ்சினை ஓடவிட்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு, ஏறக்குறைய 40 டிகிரிக்கு, வரும்போது லெவல் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த வெப்பநிலையைப் பார்க்கவே ஸ்கேனர் தேவைப்படும். சி.வி.டி. கியர்பாக்ஸில் வேறு ஆயிலை ஊற்றினால் அதைக் கெடுத்தேவிடலாம். ஆகவே ‘தெரியாமல் கைவைக்காதே’ என்பது சரி. அதைச் சொல்வதற்குப் பதிலாகத்தான் ‘தேவையே இல்லை’ என்கிறார்கள்.

வீட்டில் மாற்றுகிறவருக்கு இன்னொரு அந்நியரும் உண்டு. வடித்தெடுத்த நாலு லிட்டர் கறுப்பு ஆயில் சாக்கடையில் போனால் அது யாரோ ஒருவரின் தண்ணீருக்குப் போகிறது. காரைக் குழந்தைபோலப் பார்த்துக்கொள்கிறவர்களில் சிலர் இதை வேலியோரம் கொட்டிவிட்டுக் கைகழுவுவதைப் பார்த்திருக்கிறேன். சட்டப்படி அது அபாயகரமான கழிவு. புது ஆயில் வந்த கேனிலேயே நிரப்பி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். டிரம் நிறைந்தால் அவர்களுக்கு அது விலைபோகிற சரக்கு. அந்த டிரம் முறையான மறுசுழற்சிக்குப் போகிறதா, சென்ட்ரிங் பலகைக்குத் தடவப் போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த ஆயில் என்று ஒரு சீட்டில் எழுதி டாஷ்போர்டில் போட்டுவைக்கலாம். அடுத்தவர் அதை நம்புவார் என்பதற்கு உத்தரவாதமில்லை, நானே நம்பமாட்டேன். ஆயில் வாங்கிய பில்லையும் அதோடு பின் அடித்துவிடுங்கள்.