தீப்பொறியும் மௌனமும்

சந்நியாசமா, கர்மயோகமா, இவ்விரண்டில் எது சிறந்தது என்று அர்ஜுனன் கேட்ட கேள்வி சாஸ்திரம் பயின்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ராணுவத்துக்காக டாட்ஜ் கம்பெனி 1951 முதல் 1968 வரை செய்துவந்த எம்-37 என்னும் முக்கால் டன் லாரியின் மின்னமைப்பை வகுத்த பொறியாளர்களும், கீதையைக் கண்ணால் பாராதவர்களாகவே இருந்திருக்கலாமாயினும், அக்கேள்வியின் ஒரு பகுதியை இரும்பிலும் செம்பிலும் எதிர்கொண்டு அதற்கு விடையும் கண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்புக்கும் டாட்ஜ் லாரிக்கும் சாதாரணமாக 6 வோல்ட் மின்சாரமே போதுமாயிருந்தது. வண்டியில் வானொலிக் கருவி ஏறியதும் கணக்கு மாறிவிட்டது. 600 வாட் சக்தியை 6 வோல்ட்டில் கொண்டுசெல்ல 100 ஆம்பியர் பாய வேண்டும். 24 வோல்ட்டிலோ 25 ஆம்பியரே போதும், அதே கம்பியில் வெப்பமாய் வீணாவதும் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆதலால், போருக்குப் பின் வந்த வண்டிகளில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்து, 25 ஆம்பியர் ஜெனரேட்டர் ஒன்றைப் பொருத்தினார்கள்; வானொலி சுமக்கும் வண்டிகளுக்கென்று 100 ஆம்பியர் தருவதும் இருந்தது. 28 வோல்ட்டில் அது 2,800 வாட். லாரி ஓடுவதற்கு இத்தனை வேண்டியதில்லை. பேசுவதற்கும் கேட்பதற்குமே வேண்டியிருந்தது.

இங்கேதான் தர்மசங்கடம் பிறக்கிறது. வானொலிக்கு உயிர் தருவது ஓடும் எஞ்சின். அதன் செவியை அடைப்பதும் அந்த எஞ்சினே. பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தில் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டும் தீப்பொறி ஒவ்வொன்றும் மின்காந்த அலையை எழுப்புகிறது. ஹெர்ட்ஸ் அவ்வலைகளை உலகுக்கு நிரூபித்ததும், 1901ஆம் ஆண்டு மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் சமிக்ஞை அனுப்பியதும் தீப்பொறியைக் கொண்டேயன்றோ? ஆகவே ஆறு சிலிண்டர் எஞ்சின், ஓயாமல் அர்த்தமற்ற ஒலியைப் பரப்பும் ஆறு சிறு நிலையங்களாகி, தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலை மூழ்கடித்துவிடும். எஞ்சினை நிறுத்தினால் இரைச்சல் அடங்கும். பாட்டரி வற்றியதும் வானொலியும் அடங்கிவிடும்.

எம்-37இன் பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், பிளக்குகளுக்குச் செல்லும் வழக்கமான கறுப்பு ரப்பர் வயர்களைக் காணமுடியாது. ஒவ்வொரு வயரும் உலோகப் பின்னலால் ஆன உறைக்குள் ஓடி, பிளக்கின் தலையில் மரை கொண்டு இறுக்கப்பட்டிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் ஒரே மூடிய கூட்டுக்குள் அடங்கியிருக்கும். உள்ளே பொறி முன்போலவே முழு வேகத்துடன் பறக்கிறது. அதனின்று எழும் அலை உறையைக் கடவாமல், வண்டியின் உடலோடு சேர்ந்து ஒடுங்கிப்போகிறது. ஒரே ஒரு மரை தளர்ந்தாலும் போதும், ஹெட்போனில் கரகரப்புக் கிளம்பி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் உயரும்.

கர்மத்தை விடாமலே அதன் கலக்கத்தை விடலாம் என்று கர்மயோகம் கூறும்போது, அது வெறும் ஆறுதல் வார்த்தை என்று எண்ணுவோர் இந்த அமைப்பைச் சற்று நேரம் உற்றுநோக்க வேண்டும். குன்றியது கிரியையன்று, கிரியை தன்னை ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டு திரிவதுதான் நின்றது. சந்நியாசத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும் உண்டும் உழைத்தும் உறவினரைக் காத்தும் வாழ்கின்ற பெரும்பாலோர்க்கு, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேள் என்னும் உபதேசத்தால் பயன் சொற்பமே.

ஆனால் இவ்வளவோடு நின்றுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த லாரி அத்தனை சிரமப்பட்டுப் பெற்ற நிசப்தத்தில், காயம்பட்டவனுக்கு உதவி கோரும் குரலும் வந்தது. இன்ன இடத்தில் குண்டு பொழிக என்னும் கட்டளையும் வந்தது. இரண்டையும் அது ஒரேபோல் தெளிவாகக் கேட்டது. கலங்காத சித்தத்துடன் கொடுமை இழைத்தவர்களைச் சரித்திரம் அறியும். அவர்கள் உள்ளத்தில் இருந்தது போலி அமைதி என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. கீதை போர்க்களத்திற் பிறந்தது என்பதால் இந்த ஐயம் அதன்மேல் இன்னும் கனமாக விழுகிறது. பதினாறாம் அத்தியாயத்தில் தெய்வ சம்பத்தைச் சொல்லும் பகவான், சாந்தியைத் தனியே ஓர் ஆசனத்தில் அமர்த்தவில்லை. அஹிம்சை, சத்தியம், அக்ரோதம் ஆகியவற்றை அதற்கு முன்னும், சகல பிராணிகளிடத்தும் தயையை அதற்குப் பின்னும் வைத்தே எண்ணுகிறார்.