கைம்மாறு கருதாதார்க்கு நாம் பட்ட கடன்



சென்ற வைசாகப் பௌர்ணமிக்கு முன்னர், பெங்களூரில் நம் பேட்டைச் சங்கத்தின் காரியக் கமிட்டியில் ஒரு வாதம் எழுந்தது. நெடுநாள் தொண்டு புரிந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்திப் பெயர் பொறித்த கேடயமும் கொடுப்பதென்று சிலர் தீர்மானம் கொண்டுவந்தனர். அதனை மறுத்த ஓர் இளைஞர், "பலனை எதிர்பாராது செய்வதன்றோ தானம்? தானம் செய்தவனுக்குக் கேடயம் கொடுத்தால் அது கூலியாகிவிடாதா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். விடை கூறுவார் இல்லை. தம்மம் உபதேசிப்பவர் என்ற முறையில் எல்லோரும் நம் முகத்தை நோக்கினர். நாமும் அன்று ஏதோ கூறிச் சமாளித்தோமேயன்றி விடை கூறினோமில்லை. அக்குறையைத் தீர்த்துக் கொள்ளவே இதனை எழுதப் புகுந்தோம்.

உலகில் கிடைத்தற்கரியவர் இருவர் என்று பகவன் புத்தர் அருளினார். ஒருவர், தாமாக முற்பட்டு உதவி புரிபவர். மற்றவர், பெற்ற உதவியை அறிந்து மறவாதிருப்பவர். இவ்விருவரும் வெவ்வேறு ஆட்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கைம்மாறு கருதாமை செய்பவனுக்குரிய அறம். நன்றி மறவாமை பெற்றவனுக்குரிய அறம். செய்தவன் நன்றியைக் கேட்டு வாங்கத் தலைப்பட்டால் அவன் தொண்டு வியாபாரமாகிறது. பெற்றவனோ, "நீர் கைம்மாறு கருதலாகாது, ஐயா" என்று செய்தவனுக்கே போதிக்கத் தலைப்பட்டால், அவன் கடன் கொடுத்தவனிடம் சென்று ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று பிரசங்கம் செய்யும் கடன்காரனை ஒப்பான். நம்மைப் போன்ற பிரசங்கிகளுக்கு இச்சாமர்த்தியம் எளிதில் வந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அவ்விளைஞர் கூறிய அறம் மெய்யானதே. ஆனால் அது தொண்டர் தமக்குத் தாமே கூறிக்கொள்ளற்பாலது. கமிட்டியார் தொண்டருக்குக் கூறற்பாலதன்று.

அங்குத்தர நிகாயத்தில் ஆளவி நகரத்து ஹத்தகர் என்னும் உபாசகரின் வரலாறு வருகிறது. ஐந்நூறு உபாசகர்களைப் பிரியாமல் ஒன்று சேர்த்து வைத்திருந்தவர் அவர். எப்படிச் சேர்த்து வைத்தாய் என்று பகவன் வினவியபோது, கொடுத்தல், இன்சொல், பயன்தரு செயல், சமமாகப் பழகுதல் என்னும் நான்கினால் என்றார். ஒரு சமயம் பகவன் பிக்குகளிடம் ஹத்தகரின் ஏழு குணங்களைப் புகழ்ந்தார். அதனைக் கேட்ட பிக்கு ஒருவர் ஹத்தகர் இல்லஞ் சென்று அச்செய்தியைக் கூறினார். ஹத்தகர் மகிழ்ந்து துள்ளினாரா? இல்லை. அச்சமயம் வெள்ளாடை உடுத்த இல்லறத்தார் எவரேனும் அங்கிருந்தனரோ என்று கவலையுடன் வினவினார். ஒருவரும் இல்லை என்றறிந்த பின்னரே அமைதியுற்றார். பிக்கு இதனைப் பகவனிடம் தெரிவித்தபோது, தம் நற்குணம் பிறர்க்குத் தெரிவதை விரும்பாத அவ்வடக்கத்தையே எட்டாவது குணமாகப் பகவன் சேர்த்தருளினார். புகழை விரும்பாதவர் என்பதற்காகப் பகவன் புகழாமல் இருக்கவில்லை. புகழப்பட்டமைக்காக ஹத்தகரும் தம் அடக்கத்தை இழந்துவிடவில்லை. இரண்டு அறங்களும் ஒன்றையொன்று இடியாமல் நின்ற இடம் இது.

இக்கேள்வி பிற சபைகளுக்கு வெறும் மரியாதைக் கேள்வியாக இருக்கலாம். நமக்கு அப்படியன்று. பெருக்குதல், பறை அறைதல், சேதி கொண்டு ஓடுதல், பிணத்துக்குக் குழி வெட்டுதல் ஆகியவை நம் முன்னோர் மீது வெட்டி வேலையாகச் சுமத்தப்பட்டவை. கூலி இல்லை என்பது ஒரு கொடுமை; செய்தவனுக்குப் பெயரே இல்லை என்பது அதனினும் கொடியது. "யாரடா அங்கே" என்றால் போதும், ஆள் வரவேண்டும். அந்நிலை வேண்டாமென்றுதான் பௌத்தத்துக்குத் திரும்பினோம். நாவிதராகிய உபாலியைச் சாக்கிய அரசிளங்குமரர்க்கு முன்னரே சங்கத்தில் சேர்த்து, அக்குமரர்களை அவருக்கு வணக்கஞ் செய்யவைத்த நெறி இது. அத்தகைய நெறியில் சேர்ந்த பின்னும், நம் மண்டபத்தைப் பெருக்குபவர் இன்னாரென்று மேடையில் இருப்போர்க்குத் தெரியாதாயின், பழைய கிராமத்தை நாமே பெங்களூருக்குத் தூக்கி வந்துவிட்டோம் என்பதே பொருள். காந்தி நகரில் ஆசாரிய புத்தரக்கித பந்தே 1956ஆம் ஆண்டில் நிறுவிய மகாபோதி சங்கத்துக்குப் போய்வருவோர் அங்குள்ள அரசமரத்தின் நிழலை வியந்து பேசுவர். விடியற்காலையில் அதன் சருகைக் கூட்டியவரைப் பற்றி ஒருவரும் பேசக் கேட்டதில்லை.

இனி, எவ்வாறு மதிப்பது? பொன்னாடையில் நமக்குப் பகையில்லை. ஆனால் அது எல்லோர்க்கும் ஒரே அளவில் வெட்டிய துணி. பகவன் தம் அடியார்களைப் புகழ்ந்த முறை வேறு. இன்னார் இன்ன காரியத்தில் தலைசிறந்தவர் என்று செயலைச் சுட்டிக் கூறினார். ஞானத்தில் சாரிபுத்தர் தலைசிறந்தவர் என்பது யாவரும் அறிந்தது. அதே வரிசையில், பிக்குகளுக்குத் தங்குமிடம் ஒதுக்குவதில் தலைசிறந்தவர் தப்ப மல்லபுத்தர் என்பதையும் காண்கிறோம். படுக்கை காட்டிவிடும் வேலை! அதனையும் அவர் அறிவோடு செய்தார். சூத்திரம் ஓதுவோரை ஓதுவோருடனும், தியானத்தில் இருப்போரைத் தியானிகளுடனும் சேர்த்து, ஒருவரால் ஒருவர்க்கு இடையூறு நேராவண்ணம் இடங்கொடுத்தார். இரவில் காலந்தாழ்ந்து வந்தவர்க்கும் உடன் சென்று இடம் காட்டினார்.

அத்தகையவர் மீதும் பழி வந்தது. மெத்தியர், பூமஜகர் என்பாரைச் சேர்ந்த பிக்குகள், தமக்கு மட்டமான உணவும் இடமும் வாய்த்ததற்கு அவரே காரணமென்று கருதிப் பொய்க்குற்றம் சாட்டினர். அப்பொழுது பகவன் செய்தது யாது? சங்கத்தைக் கூட்டினார், எல்லோர் முன்னிலையிலும் விசாரித்தார், அவர் குற்றமற்றவர் என்பதை நிலைநாட்டினார். தலைசிறந்தவர் என்று கூறியதைவிட இதுவே பெரிய மரியாதை என்று நாம் கருதுகிறோம். இவ்வாறு கருத நமக்குக் காரணம் உண்டு. அதனைக் கூறாது விடுவது நேர்மையன்று.

நம் மண்டபத்துச் சாவி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெரியவரிடம் இருந்தது. நாம் இளைஞனாய் ஆலையில் நுழைந்தபோது, நூற்பு இலாகாவில் அறுந்த இழையைச் சேர்க்கக் கற்றுத்தந்தவர் அவரே. ஆலை மூடப்பட்ட பின்னும் மண்டபத்தை அவர் மூடவில்லை. விடியுமுன் வந்து பெருக்குவார், விளக்கேற்றுவார், பாய் விரிப்பார். எவர் வீட்டில் சாவு நேர்ந்தாலும் முதலில் செல்பவர் அவர். சாப்பிடாமல் திரும்புபவரும் அவர். ஓராண்டு கணக்கில் 340 ரூபாய் குறைந்தது. கூட்டத்தில் ஒருவர், "சாவி யாரிடம் இருந்தது?" என்று மட்டும் கேட்டார். அவர் எடுத்தார் என்று யாரும் கூறவில்லை. எடுத்திருக்க மாட்டார் என்றும் யாரும் கூறவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த நாமும் கூறவில்லை. விசாரணை முடியட்டும், பிறகு பேசலாம் என்று நடுநிலையின் பெயரால் வாய் மூடியிருந்தோம். மறுநாட் காலை சாவியைக் காகிதத்தில் சுற்றி நம் வீட்டில் கொடுத்துப் போனார். எண்ணெய்க் கடைக்குச் செலுத்திய பணத்தைப் பற்று எழுத மறந்தமையே குறைவுக்குக் காரணம் என்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. கணக்கர் வருந்தினார். கூட்டம் கலைந்து நெடுநாள் ஆகியிருந்தது.

பொன்னாடைத் தீர்மானத்தில் முதற் பெயர் அவருடையதே. இப்பொழுது வாசகர்க்கு அத்தீர்மானத்தின் உட்பொருள் விளங்கியிருக்கும்.

நம் இயக்கத்துக்கே இவ்வகையில் பழைய பாக்கி உண்டு. 1898ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர், 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையை நடத்தினார். சங்கத்தின் கிளைகள் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் தழைத்தன. 1914இல் பண்டிதர் மறைந்தார். 1926இல் தங்கவயலில் அப்பாதுரையார் 'தமிழ'னை மீண்டும் எழுப்பினார். பண்டிதருக்கு இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது 2005இல். மறைந்து 91 ஆண்டுகள் சென்ற பின். ஆசிரியருக்கே இவ்வளவு தாமதமென்றால், பத்திரிகைக் கட்டைச் சுமந்தவர்க்கும், சுரங்கத்திலிருந்து களைத்து வந்து சந்தா பிரித்தவர்க்கும் எந்தத் தபால் வந்து சேரப்போகிறது? ஐக்கிய நாடுகள் சபை 1985இல் தன்னார்வத் தொண்டர்க்கென டிசம்பர் 5ஆம் நாளை ஒதுக்கியது. நல்லதே. ஆயினும் இலங்கையில் 1958இல் ஆரியரத்தின தொடங்கிய சர்வோதய சிரமதான இயக்கம் இதனினும் நமக்கு நெருங்கிய வழியைக் காட்டியது. ஹத்தகரின் அதே நான்கு நெறிகளையே அவ்வியக்கம் அடிப்படையாகக் கொண்டது. ஆசிரியரும் மாணவரும் கிராமத்தாரும் ஒன்றாக மண்வெட்டி எடுத்தனர். வேலை செய்தவன் அருமை, உடன் வேலை செய்தவனுக்குப் போல வேறெவர்க்குத் தெரியும்?

வைசாகத்தன்று பெரியவர் வரவில்லை. மாலையில் நாம் பொன்னாடையை எடுத்துக்கொண்டு அவர் வீடு சென்றோம். வாங்கி மடித்துப் பக்கத்தில் வைத்தார். "தம்பி, அன்று கூட்டத்தில் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இதெல்லாம் எதற்கு?" என்றார். அதற்கும் நம்மிடம் விடை இருக்கவில்லை. "சொல்லியிருக்க வேண்டும், அண்ணா, தவறிவிட்டோம்" என்று மட்டும் கூறினோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "மழை வருகிறதே, வடக்கு மூலையில் ஓடு ஒழுகும். பாய்களை நகர்த்தினீர்களா?" என்று கேட்டார். நகர்த்தவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில், 340 ரூபாய் பற்றிய உண்மையை நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதி உரக்க வாசித்தோம். கமிட்டியார் அனைவரும் முறைவைத்து மண்டபம் பெருக்குவதென்றும் முடிவாயிற்று. கேள்வி கேட்ட இளைஞர் தம் பெயரை இரண்டாவதாக எழுதிக்கொண்டார். முதல் முறை நம்முடையது. பாய்களை எந்த வரிசையில் அடுக்குவதென்று பெரியவரிடம் கேட்டு வைத்திருக்கிறோம்.