பேகன் போர்வையும் குரங்குப் பாலமும்

சின்ன வயதில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், பாட்டி அர்ச்சனைத் தட்டோடு தனியாக ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்குவார். அது குரங்குகளுக்கு. "அனுமாரே வந்து கேட்கிறாரு, இல்லைன்னு சொல்லக்கூடாதுய்யா" என்பார்.

ஒரு நாள் சாலையோரமாக வண்டியை நிறுத்தி நான் பழத்தை நீட்டினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து குட்டியைச் சுமந்தபடி ஒரு தாய்க்குரங்கு குறுக்கே ஓடி வந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் பிரேக் பிடித்துத் தடுமாறி நின்றது. நல்ல வேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தக் குரங்கை நடுரோட்டுக்குக் கூப்பிட்டது நான்தானே?

மனதில் கருணை இருந்தால் மட்டும் போதுமா? இந்தக் கேள்விக்கு நம் தீவிலேயே ஒரு பதில் தொங்குகிறது.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள கருங்குரங்கைப் பார்த்திருப்பீர்கள். மலாயில் லோத்தோங் என்போம். அதன் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இலைதான் அதன் முக்கிய உணவு. இலையை நொதிக்க வைத்துச் செரிக்கும் வயிறு அதற்கு. நாம் போடும் ரொட்டியும் இனிப்பும் ஒத்துக்கொள்ளாது. மரத்துக்கு மரம் தாவி வாழும் இந்த உயிரின் காட்டுக்கு நடுவே நாம் சாலை போட்டுவிட்டோம். கடக்க வேண்டுமானால் ஒன்று மின்கம்பி, இல்லையென்றால் தார்ச்சாலை. இரண்டிலுமே உயிர் போகலாம்.

2016-இல் டாக்டர் யாப் ஜோ லீன் தொடங்கிய 'லங்கூர் புரோஜெக்ட் பினாங்கு' என்ற குழுவில் சாதாரண மக்களும் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். குரங்குகள் எங்கே போகின்றன, எந்த இடத்தில் சாலையைக் கடக்கின்றன என்று பொறுமையாகப் பார்த்துக் குறித்தார்கள். பிறகு 2019-இல் தெலுக் பஹாங்கில் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். கட்டிய பொருள் என்ன தெரியுமா? தீயணைப்புக்குப் பயன்பட்ட பழைய தண்ணீர்க் குழாய்! பொறியியல் படிக்கும் எனக்கு இது ரொம்பப் பிடித்தது. நீரின் அழுத்தத்தையே தாங்கிய குழாய், ஒரு குரங்கின் எடையைத் தாங்காதா? ஆ லாய் என்ற ஆண் லோத்தோங்கின் பெயரையே பாலத்துக்கு வைத்தார்கள். லோத்தோங்கோடு நீண்ட வால் குரங்கும் அணிலும்கூட அதில் கடக்கின்றன.

வியாபாரமும் இதில் கைகொடுக்கிறது. பினாங்கு மலையில் டிக்கெட் வாங்கிக் காட்டைப் பார்க்கும் 'தி ஹாபிடாட்' இருக்கிறதல்லவா? அதைச் சார்ந்த அறக்கட்டளை இயற்கைப் பாதுகாப்புப் பணிகளுக்கு நிதி கொடுக்கிறது. "எல்லாம் விளம்பரம்தான்" என்று நண்பன் ஒருவன் சிரித்தான். இருக்கட்டுமே! குரங்கு பத்திரமாகக் கடந்ததா என்று முதலில் பார்ப்போம். என் வாழைப்பழத்தில் விளம்பரமே இல்லை, சுத்தமான பக்திதான். ஆனாலும் ஆபத்து அதில்தான் இருந்தது.

அப்படியானால் நோக்கம் முக்கியமில்லையா? முக்கியம்தான். ஆனால் எதிரில் இருக்கும் உயிருக்கு எது தேவை என்று தெரிந்துகொள்ளும் சிரமமும் நல்ல நோக்கத்தில் அடங்கும் என்று நினைக்கிறேன். பழனி மலைப் பக்கம் ஆண்ட பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தான். அந்த மனசு நமக்கு வேண்டும். அதோடு, மயிலுக்குத் தோகை இருக்கிறதே என்று கவனிக்கும் கண்ணும் வேண்டும்.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். "பசியோட கை நீட்டுற ஜீவனை விரட்டச் சொல்றியா?" என்று கோபப்பட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "விரட்ட வேணாம் பாட்டி. அதோட காட்டைச் சுருக்கினது நாமதான். அந்தக் கடனைப் பழத்தால அடைக்க முடியாது. வழிவிட்டுத்தான் அடைக்கணும்" என்றேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை.

நம் மன்றத்து நண்பர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்படிப்பட்ட தொண்டுக்குக் கொடுக்கலாம். உங்களைப் பார்த்து எந்தக் குரங்கும் நன்றி சொல்லாது. பரவாயில்லை.

அடுத்த முறை கோயிலுக்குப் போனபோதும் பாட்டி பழம் வாங்கினார். சீப்பு முழுவதையும் படியில் களைத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்து, தூரத்திலிருந்தே கும்பிட்டார்.